‘உக்கும் பை’ வாங்குமுன் ஒரு துண்டை நீரில் போட்டுப் பாருங்கள்

தேங்காய்ப்பால் பிழிந்த சக்கையைக் காயவைத்து, மாவாக அரைத்து விற்பவள் நான். வெள்ளவத்தையில் இரண்டு சாப்பாட்டுக் கடைகள் சொதிக்குப் பால் எடுத்தபின் குப்பையில் கொட்டும் சக்கைதான் என் மூலப்பொருள். 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியதைக் கொழும்பு மறந்திருக்காது. அப்படியொரு மேட்டுக்குப் போகவேண்டியதை உணவாக்கிவிட்டுப் பொலித்தீனில் அடைத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த மனத்தைத்தான் ஒருவர் காசாக்கிக்கொண்டார்.

புறக்கோட்டையில் பொதி வடிவமைப்பையும் பை விநியோகத்தையும் சேர்த்துச் செய்யும் நிறுவனம் அது. பெயரை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கான முறைப்பாட்டில் எழுதியிருக்கிறேன், இங்கே எழுதவில்லை. “அக்கா, வெளியே காகிதம், உள்ளே சோளத்திலிருந்து எடுத்த படலம். மண்ணில் போட்டால் மூன்று மாதத்தில் உக்கிவிடும்” என்றார் அங்கிருந்த தம்பி. சான்றிதழின் பிரதியும் காட்டினார். பை ஒன்று 46 ரூபா வீதம் 2,000 பைகளுக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்தேன். அதுதான் என் முதல் தவறு.

அம்மாவின் கூட்டெருக் குழியில் நான்கு பைகளைப் புதைத்தேன். ஐந்து மாதம் கழித்துத் தோண்டியபோது காகிதம் கரைந்திருந்தது. பளபளவென்று ஒரு படலம் மட்டும் முழுசாக, மண் ஒட்டாமல் கையில் வந்தது.

பிறகுதான் படித்தேன். சோள மாப்பொருளிலிருந்து செய்யும் பிஎல்ஏ படலம் நீரைவிடக் கனமானது, மூழ்கும். பொலித்தீன் மிதக்கும். பையை வெந்நீரில் ஊறவைத்துக் காகிதத்தை முற்றாக உரித்து, படலத்தில் ஒரு சிறு துண்டு வெட்டி, காற்றுக்குமிழ் ஒட்டாதபடி விரலால் தேய்த்து நீருக்குள் அமிழ்த்துங்கள். என்னுடையது மேலே வந்து நின்றது. மூழ்கினாலும் அதை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள், வேறு பிளாஸ்டிக்குகளும் மூழ்கும். உண்மையான பிஎல்ஏ கூட ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் சூடு நீடிக்கும் தொழிற்சாலைக் கூட்டெருவில்தான் ஒழுங்காக உக்கும். வீட்டுக் குழிக்கு அது பொருந்தாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

சான்றிதழையும் அப்போதுதான் ஊன்றிப் படித்தேன். பொதிகள் கூட்டெருவாக உக்குவதற்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 13432 என்று அதில் இருந்தது உண்மை. ஆனால் அது வெளிநாட்டு நிறுவனமொன்றின், படலம் செய்யும் மூலப்பொருளான பிளாஸ்டிக் மணிகளுக்குக் கொடுக்கப்பட்டது. என் கையிலிருந்த பைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. செய்து முடித்த பைக்கு, அதன் மைக்கும் பசைக்கும் சேர்த்து, சான்றிதழ் கேளுங்கள். அதிலுள்ள இலக்கத்தைச் சான்றளித்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் நீங்களே தேடுங்கள்.

சக்கை மாவில் எண்ணெய் எஞ்சியிருக்கும். பொலித்தீன் ஈரத்தைத் தடுத்தாலும், எண்ணெயைக் கெடுக்கும் ஒட்சிசனை உள்ளே விடும். ஏழாவது வாரத்தில் சிக்கு வாடை என்று கொட்டாஞ்சேனைக் கடைக்காரர் 60 பொதிகளைத் திருப்பி அனுப்பினார். வடிவமைப்பும் அப்படித்தான்: முன்பக்கம் நிறையப் பச்சை இலைகள், தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் அச்சிட ஓரிடமும் இல்லை. அவற்றைச் சிறு ஒட்டுத்தாள்களில் நான்தான் கையால் எழுதி ஒட்டினேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “உக்கும் என்றுதானே சொன்னோம், எப்போது என்று சொல்லவில்லையே” என்றார் முதலாளி. மூன்று மாதம் என்ற பேச்சு பற்றுச்சீட்டில் இல்லை. உங்கள் பற்றுச்சீட்டில் படலத்தின் பெயரையும் உக்கும் காலத்தையும் எழுதவையுங்கள்.

மீதியுள்ள 1,300 பைகளிலும் ‘100% உக்கும்’ என்று அச்சாகியிருக்கிறது. அவற்றில் மா அடைத்து விற்கமாட்டேன். இப்போது கண்ணாடிப் போத்தலில் கொடுக்கிறேன், கழுவித் திருப்பித் தருபவர்களுக்கு அடுத்த போத்தலில் 50 ரூபா குறைக்கிறேன்.