ஸ்கைரிமா, காட் ஆஃப் வாரா? ஒரு பிணத்தை வைத்து முடிவு செய்தேன்

நார்ஸ், அதாவது பழைய ஸ்காண்டிநேவியப் புராண வாசனை அடிக்கும் கேம் ஒன்று வேண்டும், கையில் ஒன்றுக்குத்தான் காசு. 2011-இல் வந்த ஸ்கைரிமா, 2018-இல் வந்த காட் ஆஃப் வாரா? இரண்டு வாரம் இழுத்தடித்து ஸ்கைரிம் வாங்கினேன். மற்றதை நண்பன் வீட்டு பிளேஸ்டேஷனில் ஆடி முடித்தேன்.

காட்சி அழகு, எறிந்த கோடரி திரும்பி வந்து கையில் அறையும் சுகம், இதிலெல்லாம் காட் ஆஃப் வார்தான், மறுபேச்சில்லை. புராணத்தையும் அது பெயரோடே எடுத்துக்கொள்கிறது. (இனி கதை உடையும்.) பால்டர் என்ற கடவுளை எதுவும் காயப்படுத்தாது, மிசில்டோ என்கிற புல்லுருவியைத் தவிர. மூலக்கதையில் லோகி அதைக் கண் தெரியாத ஹோட் என்பவனின் கையில் கொடுத்து எறியவைப்பான். கேமில் நாயகன் க்ராடோஸ், மகனுடைய அம்பறாத்தூணியின் அறுந்த வார்ப்பட்டையை ஒரு மிசில்டோ அம்புமுனையால் மாட்டிவிடுகிறான். கடைசியில் பால்டர் அந்தப் பையனைக் குத்தும்போது முனை பால்டரின் கையிலேயே இறங்குகிறது. கதை தெரிந்திருந்தும் அந்த வார்ப்பட்டையை நான் கவனிக்கவே இல்லை.

அப்புறம் ஏன் ஸ்கைரிம்? டிராகருக்காக. புதைமேட்டுக்குள் செத்தும் சாகாமல் பொருளைக் காத்துக்கிடக்கும் பிணம் அது. இரண்டு கேமிலும் உண்டு. காட் ஆஃப் வாரில் உடம்பெல்லாம் தணலாக ஓடிவரும், வெட்டிப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். ஸ்கைரிமில் அது படுத்திருக்கும். ப்ளீக் ஃபால்ஸ் பாரோ என்ற புதைமேட்டுக்குள் இறங்கினால் சுவர் மாடங்களில் வரிசையாகப் பிணங்கள். எது எழும், எது எழாது என்று தெரியாது. ஒவ்வொன்றின் மேலும் ஓர் அம்பு விட்டுப் பார்த்துத்தான் நகர்ந்தேன். பின்னால் வரும் பெரிய டிராகர்கள் ஒரு கத்துக் கத்தினால் கையிலிருக்கும் வாளே பறந்துவிடும், இருட்டில் தேட வேண்டியதுதான்.

14-ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்துக் கதையான கிரெட்டிர் சாகாவில் இதே இடம் வருகிறது. கிரெட்டிர் கயிறு பிடித்துப் புதைமேட்டுக்குள் இறங்குகிறான். குதிரை எலும்பு தட்டுப்படுகிறது. நாற்காலியில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், காலடியில் வெள்ளி. அள்ளிக்கொண்டு திரும்பும்போது இருட்டில் ஒரு பிடி. ஸ்கைரிமில் நார்ஸ் கடவுள்களான ஓடின், தோர் என்று யாரும் வருவதில்லை. அந்தப் பிடி மட்டும் அப்படியே இருக்கிறது.

இருபதாவது புதைமேட்டில் அலுப்புத் தட்டும், மறைக்கவில்லை. காட் ஆஃப் வாரின் அடுத்த பாகமாக 2022-இல் வந்த ராக்னராக்கைச் சில மணி நேரம்தான் தொட்டேன், முழுதாக ஆடினால் என் மனது மாறலாம்.

கதை கேட்கத்தான் ஆசை என்றால் காட் ஆஃப் வாரையே வாங்குங்கள். வெட்டிய தலையாக க்ராடோஸின் இடுப்பில் தொங்கும் மிமிர், படகில் போகும்போது கதை சொல்வார். கரையில் இறங்கினால் பாதியில் நிறுத்திவிட்டு, திரும்ப ஏறியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். அதற்காகவே ஏரியைச் சும்மா இரண்டு சுற்றுச் சுற்றினேன்.