மேக்கி மேக்கி: எவர்சில்வர் தட்டில் மோகனம் வாசிக்க முடியுமா?

விரல்களைத் தனித்தனியாக அசைக்க வராத பிள்ளைக்குச் சாதாரண இசைக் கீபோர்டு ஒத்துவராது. ஒரு கட்டையைத் தொடப் போனால் மூன்று அழுந்தும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து வட்டார வள மையங்களில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இசை வகுப்பு வைக்க நினைப்பவர்களுக்கு மேக்கி மேக்கி நல்ல தேர்வு. ஆனால் பெட்டியைப் பிரித்த கையோடு அப்படியே பிள்ளையிடம் கொடுத்தால் ஏமாற்றம்தான்.

எம்.ஐ.டி. மீடியா லேபைச் சேர்ந்த ஜே சில்வரும் எரிக் ரோசன்பாமும் 2012-இல் கிக்ஸ்டார்ட்டர் வழியாகக் கொண்டுவந்த சர்க்யூட் பலகை இது. யுஎஸ்பியில் செருகினால் லேப்டாப் இதைத் தட்டச்சு செய்யும் இன்னொரு கீபோர்டாக எடுத்துக்கொள்ளும். பலகையில் 'எர்த்' என்று குறித்த இடத்திலிருந்து வரும் ஒயர் உடம்பில் பட்டிருக்க வேண்டும். பலகையின் இன்னொரு ஒயரைக் கிளிப்பால் மாட்டிய தட்டைத் தொட்டதும் மின்சுற்று முழுமையாகி, அந்த ஒயருக்குரிய கீபோர்டு பொத்தான் அழுந்தியதாக லேப்டாப் எடுத்துக்கொள்ளும். உள்ளே 22 மெகாஓம் ரெசிஸ்டர் இருப்பதால் ஓடும் கரண்ட் கால் மைக்ரோ ஆம்பியர்கூட இல்லை.

எல்லாச் சிக்கலும் எர்த்தில்தான். அதைக் கையில் பிடித்துக்கொள்ளச் சொல்கிறது பெட்டி. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குக் கை இறுகித் தளரும்போது கிளிப் நழுவிவிடும். ஆசிரியரோ தட்டு கெட்டுவிட்டதென்று நினைப்பார். வெல்க்ரோ பட்டையின் உள்பக்கம் அலுமினியத் தாளை நான்காக மடித்து வைத்து, முழங்கைக்கு மேல் தோலில் படும்படி கட்டிவிடுங்கள். வெள்ளிக் கொலுசு போட்ட பிள்ளையென்றால் அதிலேயே மாட்டலாம். தொளதொளவென்ற கொலுசு மட்டும் வேண்டாம், தொடர்பு விட்டுவிட்டு வரும்.

இன்னொன்று கட்டாயம்: வாசிக்கும்போது லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். இரண்டு முள் சார்ஜரிலும் சுவரில் எர்த் சரியில்லாத பிளக்கிலும் கசிகிற கரண்ட், பட்டை கட்டிய பிள்ளைக்குச் சுருக்கென்று தெரியும். தொடாமலே சத்தம் வருவதற்கும் இது காரணமாகலாம். பேட்டரியில் ஓட்டினால் கரண்ட் போனாலும் வகுப்பு நிற்காது.

தொடுவதற்கு எவர்சில்வர் தட்டை மிஞ்ச எதுவுமில்லை. அலுமினியத் தாள் கிளிப் கடித்த இடத்தில் கிழியும். விளம்பரத்தில் வரும் வாழைப்பழத்துக்குப் பதில் நம்மூர் மாம்பழம் வைக்கலாம், கேழ்வரகுக் களிகூட வேலை செய்யும். ஆனால் களி காய்ந்தால் ஊமையாகிவிடும், அதற்குள் பிள்ளை வாயில் போட்டிருக்கும். தட்டுகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். எச்சில் வழிந்து இரண்டு தட்டுகளைச் சேர்த்தால் இரண்டும் ஒலிக்கும், துணி பக்கத்தில் இருக்கட்டும். தளி, ஓசூர்ப் பக்கம் மார்கழிக் குளிரில் உள்ளங்கை வறண்டு தட்டு கேட்காமல் போகும். ஈரத்துணியில் கையைத் துடைத்துவிட்டால் போதும்.

மென்பொருளுக்கு, கட்டளைக் கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் செயலி போதும், இணையம் வேண்டாம். மியூசிக் பகுதியில் சுர எண்களாக 60, 62, 64, 67, 69, 72 என்று கொடுத்தால் ச ரி க ப த, மேல் ச: மோகன ராகம். எந்தத் தட்டை எப்படித் தட்டினாலும் காதுக்கு உறுத்தாது. பலகையின் முன்பக்கத்து நான்கு அம்புக்குறிக்கும் ஸ்பேசுக்கும் முதல் ஐந்து சுரம். ஆறாவதாக அங்கிருக்கும் கிளிக்கைத் தொடாதீர்கள். அது மவுஸ் கிளிக், சுட்டி ஸ்கிராட்சின் சிவப்பு நிறுத்தப் பொத்தானில் நின்றால் நிரலே நின்றுவிடும். மேல் ச-வுக்குப் பின்பக்கத்து W-வில் ஒயர் செருகுங்கள். மாரியம்மன் பண்டிகைப் பம்பையைப் பதிவுசெய்தும் போடலாம், சுரத்தைவிட அதற்குத்தான் பிள்ளைகளிடம் வரவேற்பு. பதிவுசெய்த ஒலியில் ஒரு தொல்லை: கை தட்டிலேயே தங்கினால் ஒலி மறுபடி மறுபடி ஆரம்பித்துத் திக்கும். ஒலிக் கட்டளைக்குக் கீழே, பொத்தான் விடுபடும்வரை காத்திருக்கும் கட்டளையைச் சேர்த்தால் சரியாகிவிடும். புளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். தட்டியபின் தாமதித்து வரும் ஒலியைப் பிள்ளை தன்னுடையதென்று உணராது. ஒயர் ஸ்பீக்கரே போதும்.

தலையை மட்டுமே அசைக்க முடிந்த பிள்ளைக்கு இந்தப் பலகையை வாங்காதீர்கள். அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஒலிவரோஸ் தொடங்கிய ஆமி (AUMI) என்ற இலவசச் செயலி, கேமராவில் தெரியும் அசைவையே ஒலியாக்கும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைக்காதீர்கள், பின்னால் யாரும் நடமாடவும் கூடாது.