நாயின் புண்ணில் புழு: மண்ணெண்ணெயா, சாமணமா, ஊசியா?

மாரி தொடங்கினால் மட்டக்களப்பில் இலையானுக்குக் கொண்டாட்டம். கடிபட்டு வந்த நாயின் காதடியில் ஒரு பொட்டுக் காயம் இருந்தாலே போதும், முட்டையிட்டு ஒரு நாளுக்குள் புழு வந்துவிடும். போன மாரியில் எங்கள் வீட்டு நாய்க்கும் அப்படித்தான். மயிருக்குள் காயம் தெரியுமுன்பே நாற்றம் காட்டிக்கொடுத்துவிட்டது.

"மண்ணெண்ணெய் ஊத்துங்க தம்பி, ஒண்டும் மிஞ்சாது" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அவர் சொன்னது பொய்யில்லை. இந்தப் புழுக்கள் தலையைச் சதைக்குள் புதைத்து, வால் பக்கத்தால் மூச்சு விடுகின்றன. எண்ணெய் மூடினால் மூச்சு முட்டி வெளியே வரும். ஆனால் மண்ணெண்ணெய் பச்சைப் புண்ணை எரிக்கும். நாய் அதை நக்கி, நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. மாட்டுக்காரர்கள் பாவிக்கும் டர்பன்டைனும் கிட்டத்தட்ட அதே கதைதான். பூச்சி உருண்டையைத் தூளாக்கிப் போடுவது அதைவிட மோசம். அந்த நஞ்சு இரத்தத்தின் சிவப்பணுக்களையே உடைக்கும்.

சரி, மூச்சை அடைப்பதுதான் வேலை என்றால் அதற்கு வஸ்லின் போதாதா? புண் ஆழமில்லாவிட்டால் போதும். தடிப்பாகப் பூசிக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் புழுக்கள் மேலே எட்டிப் பார்க்கும். அப்போது சாமணத்தால் எடுக்கலாம். எங்கள் வீட்டில் ஒருவர் நாயைப் பிடிக்க, மற்றவர் கையுறையோடு இருந்தோம். எவ்வளவு செல்ல நாயானாலும் வலியில் கடிக்கும். முதலில் புண்ணைச் சுற்றி மயிரை வெட்டினோம். ஒரு லீட்டர் கொதித்தாறிய தண்ணீரில் 9 கிராம் உப்புக் கரைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சால் பீச்சிக் கழுவினோம். புழுவை நசுக்காமல் இழுக்க வேண்டும், அறுந்து உள்ளே தங்கினால் புண் இன்னும் கெடும். எடுத்ததை நிலத்தில் போடவும் கூடாது. மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகி, திரும்ப இலையானாகத்தான் வரும். ஒரு டின்னில் மண்ணெண்ணெய் வைத்து அதற்குள் போட்டோம். மண்ணெண்ணெய்க்கு உரிய இடம் அந்த டின்தான். முதல் நாள் முப்பதுக்கு மேல். எல்லாம் முடிந்தது என்று நினைத்தால், மறுநாள் இன்னும் ஏழு.

இணையத்தில் நாயின் தோலைப் பிதுக்கிப் புழு எடுக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டுச் சிலர் அதையே செய்கிறார்கள். அது ஆப்பிரிக்காவில் உள்ள வேறொரு இலையானின் புழு. நல்ல தோலையே துளைத்து, கொப்புளத்துக்கு ஒன்றாக இருக்கும். இங்கே கூட்டமாகப் புண்ணுக்குள் இருப்பதைப் பிதுக்கினால் சதைதான் கிழியும்.

மூன்றாவது வழி மிருக வைத்தியர். அவர் ஊசியாக ஏற்றும் ஐவர்மெக்டின் என்ற மருந்து கண்ணுக்கு எட்டாத புழுக்களையும் கொல்லும், அதுதான் அதன் பலம். செத்ததைக் கழுவி எடுக்கும் வேலை அப்போதும் இருக்கிறது. நாயை மயக்கி அதை வலியில்லாமல் செய்ய அவரால் முடியும், நம்மால் முடியாது. ஓட்டோக் காசை மிச்சம் பிடிக்க மாட்டுக்கு விற்கும் ஐவர்மெக்டினை வாங்கி நாமே ஏற்றுவதை மட்டும் நான் ஒருபோதும் செய்யமாட்டேன். மாட்டுக்கு வழக்கமாக வரும் ஒரு சதவீத மருந்தில் ஒரு மில்லிலீட்டருக்கு 10 மில்லிகிராம் இருக்கும். சிறிய நாய்க்குக் கை கொஞ்சம் தவறினாலும் நரம்பைத் தாக்கும். கோலி இன நாய்களில் பலவற்றுக்கு அந்த மருந்தைத் தாங்கும் சக்தி பிறப்பிலேயே குறைவு.

ஆகவே மேலோட்டமான புண் என்றால் வஸ்லினும் சாமணமும். கண்ணோரம், காதுத் துளை, வாலடி, அல்லது அடி தெரியாத குழி என்றால் அன்றைக்கே வைத்தியர். எங்கள் நாய்க்கு மூன்றாம் நாள் காதுத் துளைக்குள் ஒன்று நெளிந்தது. சாமணத்தை வைத்துவிட்டு ஓட்டோ பிடித்தேன்.

புண் ஆறும்வரை இலையான் அண்டாமல் பார்ப்பதுதான் மிச்ச வேலை. இரண்டு கிழமை நாய் நுளம்பு வலைக்குள் படுத்தது. "நம்மளுக்கே கிழிஞ்ச வலைதான், அவருக்குப் புது வலை" என்று அக்கா இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்.