என் மூக்கும் தங்கை மூக்கும்: சளியா, அலர்ஜியா?

மார்கழி பிறந்தால் எங்கள் காட்பாடி வீட்டில் இரண்டு மூக்குகள் ஒழுக ஆரம்பிக்கும். எனக்கு ஜலதோஷம், தங்கைக்கு அலர்ஜி. முதல் நாள் யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது. இரண்டும் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி தண்ணீராகத்தான் கொட்டும்.

மூன்றாம் நாள் வாக்கில் என் சளி கெட்டியாகி வெள்ளை, மஞ்சள், சில சமயம் பச்சை என்று மாறும். "பழுத்துடுச்சு, இனி இறங்கிடும்" என்பார் அம்மா. சரியான சொல்தான். வைரஸோடு சண்டை போட வரும் வெள்ளை அணுக்களில் மயலோபெராக்சிடேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. இரும்பு கலந்தது, நிறமே பச்சை. அந்த அணுக்கள் செத்துச் சளியில் சேரச் சேர நிறம் ஏறுகிறது. அதாவது பச்சை நம்முடைய சரக்கு, கிருமியுடையது அல்ல. இது தெரியாத காலத்தில் ஒரு மெடிக்கலில் "பச்சையா வருதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், நானும் விழுங்கினேன். வைரஸை அது ஒன்றும் செய்யாது.

தங்கை கதை வேறு. பரணிலிருந்து பழைய கம்பளியை இறக்கி உதறினால் போதும், நிமிடங்களில் ஏழெட்டுத் தும்மல் வரிசையாக வரும். கம்பளியில் குடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சியை உடம்பு எதிரி என்று நினைத்து, ஹிஸ்டமின் என்ற அரிப்பைக் கிளப்பும் பொருளைக் கொட்டுகிறது. அதனால் கண் அரிக்கும், மேலண்ணம் அரிக்கும். நாக்கால் அண்ணத்தைத் தேய்த்து அவள் போடும் சத்தம் தெருவுக்கே கேட்கும். காய்ச்சல் கிடையாது, உடம்பு வலி கிடையாது. வாரக்கணக்கில் ஒழுகினாலும் பெரும்பாலும் தெளிந்த நீர்தான். மூக்கு அடைத்துக்கொண்டால் அவளுக்கும் கெட்டியாகலாம், அதனால் நிறத்தை மட்டும் நம்பி முடிவு கட்ட முடியாது. நான் பார்ப்பது அரிப்பையும் நாள் கணக்கையும்தான். இன்னொன்று, ஏலகிரிக்கு இரண்டு நாள் போனால் அவளுக்கு நின்றுவிடும். என் சளி கூடவே மலை ஏறி வரும்.

மருந்தும் அப்படியே பிரிகிறது. செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை அவளுக்குக் கேட்கிறது, தூக்கம் தள்ளும் என்றாலும். எனக்கு அதனால் பெரிய பயனில்லை. ஓய்வு, ரசம், பொறுமை. டாக்டர் எழுதிக் கொடுக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே அவளுக்குத்தான், அதுவும் தினமும் அடித்தால்தான் வேலை செய்யும். காய்ச்சி ஆற வைத்த உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுவது இரண்டு பேருக்கும் சுகம். அடைப்பைச் சட்டென்று திறக்கும் சொட்டு மருந்தை மட்டும் ஐந்து நாளுக்கு மேல் இருவரும் தொடக்கூடாது. விட்டதும் முன்னைவிட மோசமாக அடைக்கும். நொச்சி ஆவி இதம்தான், ஆனால் கொதிக்கும் குண்டான் பக்கத்தில் குழந்தைகள் வேண்டாம்.

சாதாரண ஜலதோஷம் 7 முதல் 10 நாளில் அடங்கும். பத்து நாள் தாண்டியும் குறையவில்லை, அல்லது குறைந்தபின் திரும்பக் காய்ச்சலும் முகவலியும் வந்தது என்றால் டாக்டரிடம் போக வேண்டும். அப்புறம், சின்னக் குழந்தைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு ஒழுகினால் அது சளியும் இல்லை, அலர்ஜியும் இல்லை. உள்ளே புளியங்கொட்டையோ மணியோ இருக்கலாம். நோண்டாமல் தூக்கிக்கொண்டு போங்கள்.