புது ஆம்ப் வாங்கச் சொல்கிறார்களா? முதலில் ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றிப் பாருங்கள்

இரண்டு மாதச் சம்பளம். தேவையே இல்லாத ஒரு ஆம்ப்ளிஃபயருக்கு நான் கொடுத்த பணம் அது. தேவையில்லை என்று எனக்கு நேற்றுதான் தெரிந்தது. விற்றவருக்கு முதல் நாளே தெரியும். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

வீட்டில் இருப்பது அப்பா காலத்து ஸ்பீக்கர் ஜோடியும் 60 வாட் ஆம்பும். கொஞ்ச நாளாக பேஸ், அதாவது அடித்தொனி, சன்னமாகிவிட்டது, சத்தம் கூட்டினால் இடது பக்கம் கரகரக்கிறது. எதை மாற்றுவது, மாற்றத்தான் வேண்டுமா என்று ஆடியோ சாமான் மட்டுமே விற்கும் ஒரு கடையில் கேட்டேன். வீட்டுக்கே ஆள் அனுப்பினார்கள்.

வந்தவர் நல்ல பொறுமைசாலி. நான் வழக்கமாகக் கேட்கும் பாட்டுகளையே போடச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டார். ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். பேஸ் தரும் பெரிய வட்டமான வூஃபரின் ஓரத்தை விரலால் தொட்டார். விரலைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டுத் துணியை மறுபடி மாட்டினார். "ஸ்பீக்கர் தங்கம் சார். ஆம்புக்குத்தான் சக்தி பத்தல. 120 வாட் போடுங்க, அப்புறம் பாருங்க" என்றார். இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிற மனிதர் சொல்கிறாரே என்று நம்பினேன்.

கடையில் இரண்டு ஆம்பையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். "ரெண்டுலயும் வால்யூம் பாதியிலதான் இருக்கு பாருங்க" என்றார். குமிழ் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டு ஆம்பும் ஒரே சத்தம் தரும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒன்று லேசாகக் கூடுதல் சத்தத்தில் ஓடினாலே காதுக்கு அது தெளிவாகத் தோன்றும். பழைய ஆம்பை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டார்கள். அது போக இரண்டு மாதச் சம்பளம்.

வீட்டில் அதே சன்ன பேஸ், அதே கரகரப்பு. போன் செய்தால், "பர்ன்-இன் ஆகணும் சார், 200 மணி நேரம் ஓட விடுங்க." ஓட விட்டேன். அப்புறம் டெக்னீஷியன் லீவு. அப்புறம் என் அறை சரியில்லை. அப்புறம் இந்த ஆம்புக்குச் சாதா ஒயர் ஆகாதாம், தடித்த ஒயர் ஒன்றை விற்கப் பார்த்தார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பேச்சே மாறியது: "ரிட்டர்ன் கெடு முடிஞ்சுபோச்சே, பில்லுக்குப் பின்னாடி போட்டிருக்கு." அந்த 200 மணி நேரம் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. பழைய ஆம்பையாவது கொடுங்கள் என்றேன். விற்றுவிட்டார்களாம்.

நேற்று ரிப்பேர்காரர் ஒருவர் வந்து அதே துணியைக் கழற்றி அதே ஓரத்தைத் தொட்டார். வூஃபரைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் கறுப்புத் தூளாக உதிர்ந்து விரலில் ஒட்டியது. இரண்டு ஸ்பீக்கரிலும் அதே கதி, இடதில் அதிகம். அந்த ஃபோம் ஓடாமல் சும்மா வைத்திருந்தாலும் 15, 20 வருடத்தில் மக்கிவிடுமாம். வளையம் போனால் பேஸ் போகும், வூஃபரில் அதிரும் கூம்பான கோன் நேராக நிற்காது, அதன் பின்னால் இருக்கும் கம்பிச்சுருள் காந்தத்தில் உரசும். புது வளையம் ஒட்டினால் முடிந்தது, அதற்கு ஆகும் செலவு நான் கொடுத்ததில் ஒரு துளி. 60 வாட்டை 120 ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல் என்றும், சத்தம் இரட்டிப்பாகக் கேட்க ஏறக்குறைய 10 மடங்கு வாட் வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார். கடைக்காரர் கைக்குட்டையில் துடைத்தது இந்தக் கறுப்புத் தூளைத்தான். பார்த்துவிட்டு, தொட்டுவிட்டு, இரண்டு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போனார்.

எதை எப்போது மாற்றலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனம் ஓடவில்லை. இதையாவது செய்யுங்கள். ஃபோமை நீங்களே தொட்டுப் பாருங்கள். ஆம்பை அணைத்துவிட்டு இடது, வலது ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றிப் போடுங்கள். கரகரப்பு அதே ஸ்பீக்கரிலேயே தொடர்ந்தால் கோளாறு ஸ்பீக்கரில்தான், ஆம்பை மாற்றிப் பயனில்லை. ரிட்டர்ன் கெடு முடியும்வரை பழைய செட்டைக் கையை விட்டு அனுப்பாதீர்கள். ஓட விடுங்கள் என்று யாராவது சொன்னால், கெடுவை நீட்டி எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

இன்று காலையும் அந்தக் கடைக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.