ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10 ஆட்டோசெட்: நுவரெலியாக் குளிருக்கு ஒத்துவருமா?

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா நோய்க்கான இந்தக் காற்றழுத்த மெஷின் ஒத்துவரும். ஆனால் சூடேறும் குழாயையும் சேர்த்தே வாங்குங்கள்.

தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து காற்றுப்பாதை ஒட்டிக்கொள்வதுதான் ஸ்லீப் ஆப்னியாவில் பெரும்பாலும் நடப்பது. மாஸ்க் வழியாக வரும் காற்றழுத்தம் பாதையை விரித்துப் பிடிக்கிறது. இப்படிக் காற்றழுத்தம் தரும் மெஷின்தான் சிபாப்; சாதாரண சிபாப் இரவு முழுக்க ஒரே அழுத்தம் தரும். மல்லாந்து படுத்தால் பலருக்குக் கூடுதலாகத் தேவைப்படும், ஒருக்களித்தால் குறையும். அதற்கேற்ப மாற்றுவதுதான் ஆட்டோ மெஷினின் வேலை. உள்மூச்சின் அலை தட்டையானாலோ குறட்டை அதிர்ந்தாலோ, முழு அடைப்பு வருமுன்பே அழுத்தத்தை ஏற்றத் தொடங்கும். மூச்சு நின்றுவிட்டால் மெல்லிய காற்றதிர்வு அனுப்பிப் பாதை திறந்திருக்கிறதா என்று சோதிக்கும். திறந்திருந்தால் மூளையின் கட்டளைதான் வரவில்லை என்று எடுத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றாது. இந்த நிதானம்தான் எங்களுக்கு இதில் மிகவும் பிடித்தது.

புது மெஷினில் அழுத்த எல்லை 4 முதல் 20 செ.மீ. நீரழுத்தம் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வரை இருக்கும். அப்படியே விடாதீர்கள். 10 தேவைப்படுபவருக்கு 4இலிருந்து ஏறி வருவதற்குள் பல அடைப்புகள் நடந்துவிடும். 4இல் மூச்சு முட்டுவது போலவும் இருக்கும். மெஷினில் பதிவாகும் 95 சதவீத அழுத்தத்தை, அதாவது 95 சதவீத நேரம் அழுத்தம் தாண்டாத அளவைப் பார்த்து வைத்தியர் எல்லையைச் சுருக்கித் தரட்டும். மணித்தியாலத்துக்கு 5 அடைப்புக்குக் கீழே நிற்பதே இலக்கு. மாஸ்க்கைப் படுத்தபடி, காற்று ஓடும்போதே பொருத்துங்கள். கசிவு நிமிடத்துக்கு 24 லீட்டரைத் தாண்டினால் பட்டியை இறுக்குவதைவிட மாஸ்க்கின் அளவை மாற்றிப் பார்ப்பதே நல்லது.

இனிக் குளிர். ஈரப்பதமூட்டியின் வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த குழாயில் பட்டு நீராகும். நடுச்சாமத்தில் குழாய் களகளக்கும், மூக்கில் தண்ணீர் தெறிக்கும். மெஷின் பழுது என்று பலர் கழற்றி வைப்பது இதனால்தான். இந்த மெஷினுக்கான சூடேறும் குழாயான கிளைமேட்லைன்ஏரின் சூட்டுக்கம்பி இதைத் தடுக்கும். அது இல்லையென்றால் குழாய்க்குக் கம்பளி உறை போட்டு, மெஷினைத் தலையணை மட்டத்துக்குக் கீழே வைத்து, ஈரப்பத அளவை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். உயரம் பிரச்சினையில்லை: நுவரெலியா 1,868 மீற்றர், மெஷின் 2,591 மீற்றர் வரை தாங்கும்.

விறகடுப்புப் புகை எட்டும் லயத்து வீடுகளில் ஃபில்டர் சீக்கிரம் கறுத்துவிடும். மாதமொருமுறை பாருங்கள், கறுத்தால் மாற்றுங்கள், கழுவக்கூடாது. ஆறு மாதத்துக்கு மேல் எப்படியும் வைக்காதீர்கள்.

காற்றும் மழையுமான இரவுகளில் கரண்ட் போகும். மெஷின் ஓடுவது 24 வோல்ட்டில், ஆகவே கார் பற்றரியை நேரே கொடுக்க முடியாது. அதற்கான கன்வேட்டர் வேண்டும். ஈரப்பதமூட்டியையும் குழாய்ச் சூட்டையும் நிறுத்தினால் பற்றரி நெடுநேரம் தாங்கும்.

இதய பலவீனம் உள்ளவர்கள் வைத்தியர் சொல்லாமல் ஆட்டோ மெஷின் வாங்க வேண்டாம். வெளிநாட்டு உறவினர் பழைய மெஷின் அனுப்பினால் மொடலைப் பாருங்கள்: முதல் தலைமுறை பிலிப்ஸ் ட்ரீம்ஸ்டேஷன், உள்ளே இருக்கும் நுரை சிதைவதால் 2021 ஜூனில் திரும்பப் பெறப்பட்டது. கிளினிக்குக்குக் கொண்டுபோகும்போது நீர்த்தொட்டியைக் கழற்றித் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். மலைப்பாதை வளைவில் சாய்ந்தால் தண்ணீர் நேரே மோட்டருக்குள் போய்விடும்.