நேரலை ஆராதனை: யூடியூபா, ஜூமா, ஐயர் வீட்டுக்கு வருவதா?

திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை எங்களுடையது. போதகரை இங்கே ஐயர் என்றுதான் சொல்வோம். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்து கோயிலைப் பூட்டியபோது நேரலை வேலை என் தலையில் விழுந்தது. என்னிடம் ஸ்டாண்டோடு ஒரு நல்ல போன் இருந்தது, வேறு தகுதி எதுவும் கிடையாது. அந்த வருட ஈஸ்டர் ஏப்ரல் 12. ஐயர், வேதபாடம் வாசிக்க ஒருவர், கீபோர்டு வாசிக்கிற தம்பி, நான் என நாலு பேர் மட்டும் உள்ளே. செப்டம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் வழிபாட்டுத் தலங்கள் திறந்தன. கேமரா மட்டும் நின்றபாடில்லை. "இன்னும் எதுக்கு இது?" என்று சபை நிர்வாகம் பார்க்கிற சேகரக் குழுவில் வருடத்துக்கு ஒரு தடவையாவது யாராவது கேட்டுவிடுவார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதில் யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

யூடியூபிலிருந்து ஆரம்பிக்கிறேன். கண் மங்கின ஆச்சிக்குக்கூடப் பேரன் டிவியில் ஒரு தடவை போட்டுக் காட்டினால் போதும். எங்கள் எட்டரை மணி ஆராதனை துபாயில் காலை ஏழு மணிக்கு ஓடும், சிங்கப்பூரில் பதினொன்றுக்கு. நியூ ஜெர்சியில் கோடைக்காலம் என்றால் சனிக்கிழமை இரவு பதினொன்று. அங்கே ஒரு குடும்பம் பிள்ளைகளைத் தூங்கப் போட்டுவிட்டுப் பார்க்கிறது. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் விழித்ததும் பதிவைப் பார்த்துக்கொள்வார்கள். முதலில் ஃபேஸ்புக்கிலும் போட்டுக்கொண்டிருந்தோம். 2025 பிப்ரவரியிலிருந்து புது நேரலைகளை 30 நாளில் அழித்துவிடுகிறார்கள் என்றதும் விட்டுவிட்டோம். அசனத்தன்று (சபையார் கூடிச் சாப்பிடும் விருந்து) எடுத்த வீடியோவை அடுத்த அசனம் வரை தேடுகிற ஊர் இது.

செலவு என்று பார்த்தால் படத்தைவிடச் சத்தத்துக்குத்தான் பணம் போட வேண்டும். முதல் மூன்று வாரம் போன் மைக்கையே நம்பினேன். உயரமான கூரையின் எதிரொலி, ஃபேன் இரைச்சல், நடுவில் எங்கேயோ ஐயரின் குரல். கோயில் மைக்குகள் வந்து சேரும் மிக்ஸரிலிருந்து ஒரு வயர் இழுத்துப் போனில் கொடுத்த பிறகுதான் பிரசங்கம் காதில் விழுந்தது. இரண்டாவது கேமரா வாங்கலாம் என்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் அந்த வயர், அப்புறம் நல்ல ஃபைபர் இணைப்பு. அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

யூடியூபின் குறை வேறு. விண்ணப்ப ஜெபத்தில் ஐயர் பெயர் சொல்லி, வியாதி சொல்லி ஜெபிப்பார். கோயிலுக்குள் அது உறவு. இணையத்தில் அதுவே இன்னார் வீட்டுப் பெண்ணுக்கு இன்ன ஆபரேஷன் என்று உலகத்துக்கே போட்ட நோட்டீஸ். ஒரு குடும்பம் வருத்தப்பட்டு வந்து சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. இப்போது அந்தப் பகுதி வந்ததும் நேரலையின் சத்தத்தை மட்டும் அணைத்துவிடுவேன். கிறிஸ்மஸுக்குப் பாடகர் குழு மைனஸ் டிராக் (குரல் இல்லாத பின்னணி இசைப் பதிவு) போட்டுப் பாடினால், மறுநாள் பதிப்புரிமைக் கோரிக்கை வந்து நிற்கும். அது சின்னத் தொல்லை. பெரிய குறை, ஒருவர் பார்க்காமல் போனால் யாருக்கும் தெரியாது என்பது. எண்ணிக்கை ஒன்று குறையும், அவ்வளவே. (பிரசங்கம் தொடங்கும் நிமிடத்தில் பார்க்கிறவர்கள் எண்ணிக்கையின் வரைபடக் கோடு எப்படி இறங்குகிறது என்பதை ஐயரிடம் நான் இதுவரை காட்டவில்லை.)

ஜூம் இதற்கு நேர்மாறு. ஞாயிறு ஆராதனைக்கு அது லாயக்கில்லை. இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கதவைச் சாத்திவிடும், எங்களுக்கோ அதற்குள் இரண்டாம் பாட்டுதான் முடிந்திருக்கும். எல்லோரும் மைக்கைத் திறந்து கீர்த்தனை பாடினால் ஆளுக்கொரு தாமதத்தில் வந்து சேரும், கேட்கச் சகிக்காது. போதாக்குறைக்கு, கீபோர்டு சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து அதுவே அமுக்கிவிடும். ஆனால் புதன்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு ஜூமை அடிக்க ஒன்றும் இல்லை. பதினெட்டு சின்னச் சதுரங்கள். ஒரு வாரம் ஒரு சதுரம் குறைந்தால், "டீச்சர் ஏன் வரல?" என்று உடனே கேள்வி வரும், கூட்டம் முடிவதற்குள் யாராவது போன் போட்டிருப்பார்கள். வியாதியின் பெயரையும் அங்கே தயங்காமல் சொல்லலாம்.

மூன்றாவதாக, டிவியில் வரும் பெரிய ஊழியங்களின் ஆராதனை. விளக்கு, இசை, பேச்சு எல்லாமே எங்களைவிட மேல்தான், போட்டி போட முடியாது. ஆனால் அங்கே பார்க்கிறவர் வீட்டுத் துக்கமும் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்தால் யார் மகன், யார் மகள் என்றும் புரியாது.

நாலாவது வழி கேமராவே இல்லாதது: ஐயரும் ஒரு மூப்பரும் வீடு தேடிப் போய் நற்கருணை (அப்பமும் ரசமும்) கொடுப்பது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு மேலே சொன்ன மூன்றும் இதற்குக் கிட்டே வராது என்பதுதான் என் கட்சி. கத்தோலிக்கர்கள் இதை இன்னும் கறாராகச் சொல்லிவிட்டார்கள். இணையத்தில் திருவருட்சாதனங்கள் (நற்கருணை, ஞானஸ்நானம் போன்ற சடங்குகள்) கிடையாது என்று 2002லேயே வத்திக்கான் எழுதிவைத்தது. இத்தனைக்கும், நோயில் படுத்திருந்தபடியே கிறிஸ்மஸ் பூசையைச் சுவரில் கண்டதாகச் சொல்லப்படும் புனித கிளாராவைத் தொலைக்காட்சியின் பாதுகாவலி என்று அறிவித்ததும் அவர்கள்தான். குறை என்னவென்றால், ஐயருக்குப் பல கிராமங்கள், அதனால் எந்த வீட்டுக்கும் மாதம் ஒரு முறைக்கு மேல் போக முடியாது. இடையில் வரும் ஞாயிறுகளுக்கு யூடியூப் கை கொடுக்கிறது. நடக்க முடிந்தும் வீட்டில் காப்பி டம்ளரோடு பார்க்கிறவர்களுக்கு அது என்ன கொடுக்கிறது என்று நானும் யோசித்துப் பார்த்தேன், பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை.

இடுப்பெலும்பு உடைந்து இரண்டு வருடமாக வெளியே வராத ஓர் ஆச்சி வீட்டுக்கு ஒரு நாள் டிவியைச் சரிபண்ணப் போயிருந்தேன். "ஐயரைத்தான் மாசாமாசம் வீட்லயே பாக்கேன். பெஞ்சுல யாரு இருக்கான்னு காட்டுப்பா" என்றார்கள். அதிலிருந்து காணிக்கைப் பாட்டு ஆரம்பித்ததும் ஸ்டாண்டை அப்படியே சபைப் பக்கம் திருப்பிவிடுகிறேன், பாட்டு முடிகிற வரை. படத்தில் வர விருப்பமில்லை என்றவர்களுக்கு இடதுபக்கக் கடைசி நாலு பெஞ்சு கேமராவில் படாத இடம். அங்கே இப்போது இடம் கிடைப்பதில்லை, எல்லாம் வாலிபப் பையன்கள்.